ஊர் நடுவே காலி மனை: தெருக்காரர்கள் சேர்ந்து தோட்டம் போட முடியுமா?

கேள்வி, 11 ஜூன் 2023

சென்னை பெரியமேட்டில் எங்கள் தெருவில் ஒன்றரை கிரவுண்டு மனை ஆறு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பை கொட்டுகிறார்கள், ராத்திரியில் குடிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து காய்கறி போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் என்ன செடி வைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 ஜூன் 2023, இரவு

நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம். சிந்தாதிரிப்பேட்டை, பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான மனை, இதுவும் வீடு இடித்த இடம்தான். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடிவிட்டு மார்க்கெட்டைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்களே, அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு கட்டுக் கீரைக்கு ஆள் அலைந்தது. அப்போது பேச ஆரம்பித்தோம், கை வைத்தது 2021 ஆடியில்.

செடியைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வரும்? மே மாதம் அதை யார் ஊற்றுவார்கள்? வாசல் சாவி யாரிடம் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்தச் செடியும் வரும். எங்களுக்கு மூன்றுக்கும் பதில் இல்லாமல்தான் முதல் வருஷம் போனது.

12 ஜூன் 2023

விட்டுப்போனது: மனைக்காரர். அவரைக் கண்டுபிடிக்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். குப்பைதானே கொட்டுகிறார்கள், நாம் நல்லது செய்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. நாலு மாதம் கல் பொறுக்கிச் சுத்தம் செய்த பிறகு ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் வந்து, "யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

பேசிப் பார்த்ததில் அவருக்கு ஒரே பயம்தான். பன்னிரண்டு வருஷம் ஒருவர் அனுபவித்துவிட்டால் இடம் அவருக்கே போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வெறும் புரளி இல்லை, சொந்தக்காரர் சும்மா இருந்துவிட்டால் காலக்கெடு சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது. அந்தப் பயத்தை நாம்தான் தீர்க்க வேண்டும். இடம் உங்களுடையது, உங்கள் அனுமதியால் உள்ளே வருகிறோம், இரண்டு மாதம் முன்னால் சொன்னால் காலி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். அந்த ஒரு தாளுக்கு அப்புறம் அவரே இரும்பு கேட் போட்டுக் கொடுத்தார்.

14 ஜூன் 2023

வாடகை ஒப்பந்தம்தானே போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. குத்தகை வேறு, அனுமதி வேறு. எங்களுடையது பதினோரு மாத அனுமதிப் பத்திரம், முடிந்ததும் புதுப்பிக்கிறோம். ஒரு வருஷத்துக்கு மேல் குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் தெருவில் ஒரு வக்கீல் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து எழுதுங்கள், இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள். மனைக்குப் பங்காளிகள் நாலு பேர் என்றால் நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

18 ஜூன் 2023

மண். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வீடு இடித்த மனையில் நீங்கள் பார்ப்பது மண் இல்லை. சுண்ணாம்பு, செங்கல் தூள், சிமெண்ட், ஓட்டுத் துண்டு, கண்ணாடி, ஆணி. நாங்கள் இதைக் கொத்திச் சமன் செய்து மேலே இரண்டு டிராக்டர் செம்மண் பரப்பி வெண்டை போட்டோம். இருபதாம் நாள் இலை மஞ்சளாகத் தொடங்கியது. வெண்டை மஞ்சளானால் தேமல்தான், வெள்ளை ஈ பரப்புகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து மூன்று வாரம் அடித்தோம். ஒரு மாற்றமும் இல்லை. பாதிச் செடியைப் பிடுங்கி எரித்தோம்.

அந்த வழியே போன ஒரு ஆயா (மதுராந்தகம் பக்கத்து ஊர், மகன் வீட்டுக்கு வந்தவர், இவரைப் பற்றி இன்னும் சொல்வேன்) ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "நரம்பு பச்சையா இருக்கே கண்ணு, இது அந்த நோய் இல்ல" என்றார். அப்போதுதான் பார்த்தேன். தேமல் என்றால் நரம்புதான் முதலில் மஞ்சளாகும், வலை போட்ட மாதிரி இருக்கும். எங்கள் இலையில் நரம்பு மட்டும் பச்சை, இடைப்பட்ட இடமெல்லாம் வெளிறிப்போய் இருந்தது, அதுவும் இளம் இலையில்தான் அதிகம். இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு ஏறிப்போய் மண் காரமாகிவிட்டதால் வேர் அதை எடுக்க முடியவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை 8.6 வந்தது. நல்ல செடியைப் பிடுங்கி எரித்திருக்கிறோம்.

ஆகவே தரையில் நடாதீர்கள். மேட்டுப்பாத்தி கட்டுங்கள், ஒன்றேகால் அடி உயரம், உள்ளே வெளியிலிருந்து கொண்டுவந்த மண். நாங்கள் செம்மண், மக்கிய உரம், தென்னை நார்க் கழிவு மூன்றையும் சம பங்கு போட்டோம், பாத்திக்கு இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு. நார்க் கழிவு கட்டியை அப்படியே ஊறவைத்துப் போடாதீர்கள், உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்து போடுங்கள்.

18 ஜூன் 2023, கொஞ்ச நேரம் கழித்து

ஈயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன், இது விளையாட்டில்லை. பழைய வீட்டுக் கதவு ஜன்னல்களில் பூசிய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 வரை ஓடியது, அதுவரை ரோட்டோரத்தில் படிந்தது மண்ணை விட்டுத் தானாகப் போகாது. வழக்கமான மண் பரிசோதனையில் காரம், உப்பு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து இதெல்லாம் வரும், ஈயம் வராது. தனியாகப் பணம் கட்டித் தனியார் ஆய்வகத்தில் கேட்க வேண்டும். ஆபத்து அதிகம் கிழங்கிலும் கீரையிலும், அதைவிட அதிகம் குழந்தைகள் மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பதில். கத்தரி, வெண்டை, புடலை மாதிரிக் காய்களில் குறைவாகத்தான் ஏறும். நாங்கள் பாத்திக்கு அடியில் சாக்கு விரித்து, நடைபாதை முழுக்கத் தேங்காய் மட்டை பரப்பி, பழைய மண் கண்ணில் படாமல் மூடிவிட்டோம். முள்ளங்கி போடுவதில்லை.

19 ஜூன் 2023

பாத்திக்குச் செங்கல் வாங்க வேண்டாம். உங்கள் மனையிலேயே புதைந்து கிடக்கும். பெயிண்ட் ஒட்டிய கல்லை மட்டும் ஒதுக்குங்கள். சாந்து பூசாமல் வெறுமனே அடுக்குங்கள், பிற்பாடு கலைக்க வேண்டி வரலாம்.

2 ஜூலை 2023

மனையே வேண்டாம், எல்லார் வீட்டு மாடியிலும் போடலாமே என்று ஒருவர் கேட்கிறார். அண்ணாநகரில் போடலாம். சிந்தாதிரிப்பேட்டையிலும் பெரியமேட்டிலும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாதி வீடு இன்னும் மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. ஈர மண் ஒரு கன அடி ஐம்பது கிலோ வரும். ஒரு சதுர மீட்டரில் ஓரடி உயரத்துக்கு மண் போட்டால் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். புது கான்கிரீட் மாடிக்கே ஆள் நடமாட்டத்துக்கு என்று சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கு. பழைய மரத்தின் மேல் அதைக் கேட்கலாமா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தொட்டி வைத்த மூலையில் உத்திரம் நனைந்து நனைந்து இற்றுப்போய், கீழே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாளம் விழுந்தது. கான்கிரீட் மாடி என்றால் நார்க் கழிவு அதிகமாகக் கலந்த பையை ஓரச் சுவரை ஒட்டி, விட்டத்துக்கு மேலே வையுங்கள். தோட்டக்கலைத் துறை கொடுக்கும் மாடித்தோட்டத் தளை (கிட்) அதற்குப் போதும்.

17 ஜூலை 2023

ஆடி பிறந்துவிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை. மெட்ராஸிலும் அது பொய்யில்லை. அவரை, புடலை, பாகல், சுரை, வெண்டை இப்போது போட்டால் மழைக்கு முன்னால் கொடி ஏறிவிடும். கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டு இருபத்தைந்து முப்பது நாளில் பிடுங்கி நடலாம்.

ஆனால் புது ஆட்கள் சேர்ந்த தோட்டத்துக்கு முதல் விதை முளைக்கீரைதான். இருபத்தைந்து நாளில் கையில் கட்டு வரும். பத்தடிக்கு மூன்றடிப் பாத்தியில் இருபது கட்டுக்கு மேல் எடுத்தோம். முதல் மாதத்திலேயே ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஒரு நாளாவது அந்தக் கீரை வெந்திருந்தால் அடுத்த மாதம் ஆள் வரும். கத்தரி காய்க்க மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் பன்னிரண்டு பேர் ஐந்து பேராகிவிடுவார்கள்.

20 ஆகஸ்ட் 2023

பாத்தியை வீட்டுக்கு ஒன்றாகப் பிரிப்பதா, எல்லாம் பொதுவா? எல்லாரும் கேட்பது இதுதான். நான் முதலில் பிரிக்கச் சொன்னவன். அவரவர் பாத்தி என்றால் அக்கறை இருக்கும் என்று நினைத்தேன். நடந்தது என்ன? நாலு பாத்தி தளதளவென்று இருந்தது, ஆறு பாத்தி காய்ந்தது, காய்ந்த பாத்திக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கமே வருவதை விட்டார்கள். ஒருவர் பாத்திப் பூச்சி பக்கத்துப் பாத்திக்குப் போகாமல் இருக்குமா? அதில் இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

அப்புறம் முழுக்கப் பொதுவாக்கினோம். அதில் வேறு தொல்லை. காய் பறிக்கும் அன்று இருபது பேர், களை எடுக்கும் அன்று மூன்று பேர்.

இப்போது கீரையும் கொடியும் பொது. ஆளுக்கு இரண்டு பை மட்டும் சொந்தம், அதில் அவரவருக்குப் பிடித்தது: ஒருவர் தூதுவளை, ஒருவர் புதினா, சைக்கிள் கடை பாய் ரோஜா. இது ஓடுகிறது. எல்லா இடத்திலும் ஓடும் என்று சொல்ல மாட்டேன்.

3 செப்டம்பர் 2023

போன வாரத்திலிருந்து பறக்கும் ரயில் பீச் வரை போகாமல் எங்கள் ஸ்டேஷனோடு திரும்புகிறது, நாலாவது பாதை வேலையாம். காலையில் ஒரு கூட்டமே இறங்கி எங்கள் சந்து வழியாக நடக்கிறது. வேலிக்கு வெளியே தொங்கிய புடலை எதுவும் மிச்சமில்லை. வேலியை உயர்த்தலாம் என்றார்கள். எனக்கும் முதல் இரண்டு நாள் கோபம்தான், பிஞ்சைக்கூட விடவில்லை.

பிறகு யோசித்து வேலிக்கு வெளிப்பக்கம் வரிசையாக மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வைத்து, "எடுத்துக்கொள்ளலாம், கிள்ளி எடுக்கவும், வேரோடு பிடுங்க வேண்டாம்" என்று அட்டை கட்டினோம். கிள்ளக் கிள்ளத் தழையும் செடிகள். தினமும் ஒரு அம்மா ஒரு பிடி கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். நேற்று அவர் ஒரு பாட்டில் தண்ணீரை அந்த வரிசையில் ஊற்றிவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

1 அக்டோபர் 2023

உரத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு: எங்களுக்கு மீன் மார்க்கெட் பக்கத்தில். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் தெரியாதவர்கள் மெட்ராஸில் குறைவு. அங்கே கடை போடும் அக்கா ஞாயிற்றுக்கிழமை தலை, குடல், செவுள் எல்லாம் ஒரு பக்கெட் ஒதுக்கி வைப்பார். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை, தண்ணீர் கூடாது, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி நிழலில். இருபத்தொரு நாளில் தேன் நிறத்தில் ஒரு திரவம் மேலே தெளியும். மீன் அமிலம். நாறாது, பழுத்த பழ வாசனை வரும். நாறினால் சர்க்கரை குறைவு என்று அர்த்தம், இன்னும் போடுங்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி, மாலையில் தெளியுங்கள்.

பக்கெட்டைப் பூனை திறக்காமல் மேலே ஒரு அம்மிக்கல்லை வையுங்கள். எங்கள் தெருப் பூனைகள் இரண்டு ஞாயிறு கூட்டம் போட்டுவிட்டுப் போயின.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல். 3-ம் தேதி ராத்திரி தொடங்கி 4-ம் தேதி முழுக்க. கூவம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த ராத்திரியைச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், சாக்கடையும் கலந்தது. மூன்று நாள் வடியவில்லை. பந்தல் சாய்ந்தது. உயர்ந்த பாத்தியும் மூழ்கிவிட்டது.

கேட்டவருக்கு நேராகச் சொல்கிறேன்: சாக்கடை நீர் ஏறிய பாத்தியில் நிற்கிற கீரை எதையும் சாப்பிடாதீர்கள், கழுவியும் சாப்பிடாதீர்கள். அத்தனையையும் பிடுங்கிக் குழியில் போட்டோம். ஆயா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து பிடுங்கினார். மேல்மண் நாலு விரல் சீவி எடுத்துவிட்டு வெயிலில் காயப் போட்டிருக்கிறோம். பொங்கல் வரை எதுவும் விதைப்பதில்லை.

ஜூனில் ஒன்றேகால் அடி போதும் என்று எழுதியிருந்தேன். பள்ளமான இடத்துக்குப் போதாது. இரண்டு அடி கட்டுங்கள்.

21 ஜனவரி 2024

தை விதைப்பு முடிந்தது, அதனால் ஓய்வாக எழுதுகிறேன். சமூகத் தோட்டம் என்பதே அமெரிக்காவைப் பார்த்துப் போட்டுக்கொண்ட வேஷம், நமக்கு ஒட்டாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நம் வீடுகளுக்குக் கொல்லைப்புறம் இருந்தது. குளித்த தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் வாழைக்கும் முருங்கைக்கும் போனது. மனை சிறுத்ததும் கொல்லை போய்விட்டது. இந்தச் சிந்தாதிரிப்பேட்டையே 1734-ல் கம்பெனிக்காரர்கள் நெசவாளிகளைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர், சின்னத்தறிப்பேட்டை. அதற்கு முன்னால் இது சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டம். நாங்கள் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை.

அமெரிக்காவிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் கூட்டாளிகளும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். ஊர் முழுக்க அப்படி நூற்றுக்கணக்கில் வந்தன. 1999-ல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் போனது, கடைசி நேரத்தில் இரண்டு அறக்கட்டளைகள் விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றின. லாஸ் ஏஞ்சலஸில் 14 ஏக்கரில் ஏறக்குறைய 350 குடும்பங்கள் பயிர் செய்த தென் மத்தியத் தோட்டத்தை அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. நிலம் தனியார் கைக்குப் போயிருந்தது, 2006 ஜூனில் போலீஸை வைத்து வெளியேற்றி இயந்திரத்தால் தள்ளிவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷ மரங்கள். அதைப் படித்த அன்றுதான் எங்கள் தாளில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடுத்த புதுப்பிப்பில், மண்ணும் செங்கல்லும் பந்தலும் தோட்டக்காரர்களுடையது, எடுத்துப்போக உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்தோம்.

12 மே 2024

கத்திரி வெயில். இந்த இழையில் முதல் நாள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் நான் சரியான பதில் சொல்லப் போகிறேன்: மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

எங்கள் பாத்தி மொத்தம் அறுநூறு சதுர அடி. இந்த வெயிலில் சதுர அடிக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டும், நாளைக்கு இருபது குடத்துக்கு மேல். மனையில் பழைய வீட்டுக் கிணறு இருக்கிறது, கொஞ்சம் உப்பு, ஆனாலும் கத்தரியும் கீரையும் தாங்கும். ஆறு வீட்டுக்கு முறை போட்டு அட்டவணை ஒட்டினோம். ஏப்ரல் வரை ஓடியது. பள்ளிக்கூட லீவு விட்டதும் ஒவ்வொரு வீடாக ஊருக்குப் போனது. அட்டவணை சுவரில் இருந்தது, செடி காய்ந்தது. இரண்டு வருஷமும் இதே கதை. போன வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் டைமர் வாங்கிச் சொட்டு நீர்க் குழாய் போட்டுப் பார்த்தோம், உப்புத் தண்ணீரில் துளையெல்லாம் அடைத்துக்கொண்டது.

ஆயா போன மாதம் சொன்னார்: "எங்க ஊர் ஏரிக்கு நீர்க்கட்டின்னு ஒரு ஆள் உண்டு. மடையைத் திறக்கறது, எந்த வயலுக்கு எவ்வளவுன்னு விடறது, எல்லாம் அவர்தான். அறுப்புல அவருக்கு ஒரு பங்கு. எல்லாருக்கும் முறைன்னு வச்சா யாருக்கும் முறை இல்ல."

சரி என்று அதையே செய்தோம். இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தம்பி எங்கள் நீர்க்கட்டி. காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ஆறுக்கும் ஊற்றுகிறார். நாங்கள் ஆளுக்கு மாதம் 150 ரூபாய் கொடுக்கிறோம், அதோடு கீரையில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. அதை வண்டியிலேயே வைத்துக் கட்டு இருபது ரூபாய்க்கு விற்கிறார். வேலிச் சாவியும் அவரிடமே. இன்று மே 12, ஒரு பாத்திகூடக் காயவில்லை. அட்டவணை போடச் சொல்லி நான் இங்கே யாருக்காவது எழுதியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

13 மே 2024

கிணறு என்றதும் கொசுவா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். மெட்ராஸில் மலேரியாக் கொசுவுக்குக் கிணறும் மேல்தொட்டியும்தான் பிடித்த இடம், டெங்குக் கொசுவுக்கு டிரம்மும் தட்டும். கிணற்றுக்கு வலை மூடி போட்டு உள்ளே கப்பி மீன் விட்டிருக்கிறோம். டிரம்மை வாரம் ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்கிறோம். இதில் ஒரு வாரம் தவறினாலும் தெருவே நம்மேல் திரும்பும், திரும்பத்தான் வேண்டும்.

30 ஜூன் 2024

பப்பாளியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. ஒருவர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வந்த பாட்டிலைப் பார்த்து வேண்டாம் என்றேன். 2008-ல் இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர் பக்கம் முதலில் தென்பட்டு, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். சில மாதங்களில் அடங்கியது. அந்தக் குளவி இன்னும் நம் ஊரில் இருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

நாங்கள் செய்தது: தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்த்தோம். பப்பாளித் தண்டைச் சுற்றி வேப்பெண்ணெய் தோய்த்த துணியைக் கட்டி எறும்பு ஏறாமல் தடுத்தோம். எறும்புதான் அதைச் சுமந்துபோய்க் காவல் காக்கும். மூன்று வாரத்தில் குறைந்துவிட்டது.

3 நவம்பர் 2024

ரயில் மறுபடி பீச் வரை ஓடுகிறது, அக்டோபர் கடைசியிலிருந்து. காலைக் கூட்டம் போய்விட்டது. அந்தக் கிள்ளும் அம்மாவைக் காணோம். மணத்தக்காளி வேலி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி கரை ஏறியது. இரண்டு அடிப் பாத்தி மூழ்கவில்லை.

16 பிப்ரவரி 2025

மனைக்காரர் போன வாரம் வந்தார். மகன் திரும்பி வருகிறாராம், வீடு கட்டப் போகிறார்கள். தாளில் இருக்கிறபடி இரண்டு மாதம் என்றார், நாங்கள் கேட்காமலே ஏப்ரல் கடைசி வரை என்று தள்ளிக் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாலு வருஷம் வாடகை வாங்காமல் விட்ட மனிதர்.

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. ஆயாதான், "மண்ண என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். 2021-ல் கொட்டியபோது அது சிவப்பாக, கட்டி கட்டியாக இருந்தது. இப்போது கையில் எடுத்தால் கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்கிறது, ஒரு கைப்பிடியில் இரண்டு மண்புழுவாவது நெளியும். நாலு வருஷச் சமையலறைக் கழிவும் மீன் தலையும் ஒரு வெள்ளமும் சேர்ந்து ஆன மண். அதைக் கடைக்காலுக்குத் தோண்டி லாரியில் ஏற்றி எங்கோ கொட்டுவார்கள் என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

23 பிப்ரவரி 2025

2023 ஜூனில் முதல் கேள்வி கேட்ட பெரியமேட்டுக்காரரே, இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா? உங்கள் மனை என்ன ஆனது?

2 மார்ச் 2025

பதில் எழுதியிருக்கிறார். மனைக்காரரைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம், பங்காளி மூவரிடம் கையெழுத்து வாங்க எட்டு மாதம் ஆகியிருக்கிறது. போன மாதம்தான் தாள் கையில் வந்ததாம். கிணறும் இருக்கிறது. மண் வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

திரட்ட வேண்டாம். எங்கள் பாத்தி அறுநூறு சதுர அடி, இரண்டு அடி உயரம், செங்கல்லோடு. உங்கள் ஒன்றரை கிரவுண்டில் நன்றாகவே பிடிக்கும். எழும்பூர் தாண்டினால் நீங்கள், மீன்பாடி வண்டி போதும். பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடலாம். சாக்கு மட்டும் உங்கள் தெருவில் சேர்த்து வையுங்கள், கிழிசல் இல்லாத சிமெண்ட் சாக்கு, உதறிக் கழுவியது. முருங்கையிலிருந்து ஆறு போத்து வெட்டி நிழலில் சாய்த்து வைத்திருக்கிறோம். கீழ்ப்பக்கம் எது என்று சாணி தடவி அடையாளம் வைத்திருக்கிறார் ஆயா, தலைகீழாக நட்டுவிடாதீர்கள்.

இஸ்திரித் தம்பி ஒரு மாதம் உங்களிடம் வந்து நீர்க்கட்டி வேலையை உங்கள் ஆளுக்குக் காட்டிக் கொடுக்கிறேன் என்கிறார். அவருக்குக் கீரையில் பங்கு உண்டு என்று இப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணி. எங்களிடம் மண்வெட்டி நாலு இருக்கிறது, நீங்கள் இரண்டு கொண்டுவாருங்கள்.